முழங்கால் சில்லும் எக்ஸ்-ரே அளவும்: அறிக்கையில் உள்ள எண்ணை எவ்வளவு நம்பலாம்?

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வருவோரில் சிலர், பழைய எக்ஸ்-ரே அறிக்கையையும் புதிய அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கலக்கத்துடன் வருகின்றனர். “ஆபரேஷனுக்கு முன்னால் 1.05 என்று எழுதியிருந்தார்கள், டாக்டர். இப்போது 0.75 என்று இருக்கிறது. சில்லு கீழே இறங்கிவிட்டதா?” என்பது அவர்களுடைய கேள்வி. பெரும்பாலும் நோயாளியைவிட உடன் வரும் மகனோ மகளோதான் இதைக் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சில்லின் உயரத்தை அளக்கக் குறைந்தது நான்கு முறைகள் வழக்கில் உள்ளன. ஒரு முறையில் கிடைத்த எண்ணை மற்றொரு முறையில் கிடைத்த எண்ணோடு ஒப்பிடுவது, முழத்தால் அளந்த துணியை மறுநாள் சாணால் அளந்துவிட்டுத் துணி மாறிவிட்டது என்பதைப் போன்றது. ஒரே முறையில் அளந்திருந்தாலும்கூட, படம் எடுத்தபோது கால் எவ்வளவு மடங்கியிருந்தது, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தார்கள் என்பவற்றைப் பொறுத்து எண் மாறும்.

சில்லின் உயரத்திற்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்பதைச் சுருக்கமாகக் காண்போம். தொடையின் முன்புறத் தசை கீழே வந்து சில்லின் மேல்விளிம்பில் சேர்கிறது. சில்லின் கீழ்முனையிலிருந்து ஒரு தடித்த தசைநாண் புறப்பட்டு, கீழ்க்கால் எலும்பின் முன்புறத்தில் உள்ள சிறு மேட்டில் சென்று பற்றிக்கொள்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே விரலால் தடவினால் அந்த மேடு தட்டுப்படும். கிணற்றுக் கயிறு உருளையின்மீது ஓடுவதுபோல, இந்தத் தசையின் இழுவிசை சில்லின் வழியாகவே காலை நிமிர்த்துகிறது. சில்லு மிகத் தாழ்வாக இருந்தால் முழங்காலை மடக்கும்போது அது கீழ்க்கால் பகுதியில் முட்டக்கூடும்; மடக்கம் குறையும்; படி ஏறும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் முன்புற வலி தோன்றும். மிக உயரமாக இருந்தால், தொடை எலும்பின் பள்ளத்தில் சரியாக அமராமல் பக்கவாட்டில் நழுவ வாய்ப்புண்டு. தாழ்ந்த சில்லை மருத்துவ அறிக்கைகள் ‘பட்டெல்லா பாஹா’ என்றும், உயர்ந்த சில்லை ‘பட்டெல்லா ஆல்டா’ என்றும் குறிக்கின்றன.

உயரத்தை மில்லிமீட்டரில் சொல்லிவிடலாமே என்று தோன்றும். எக்ஸ்-ரே என்பது ஒரு நிழற்படம். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நகர்த்தினால் நிழல் பெரிதாவதும் சிறிதாவதும்போல, கால் படத்தகட்டிலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்பதைப் பொறுத்து எலும்பின் உருவம் பெருகித் தெரியும். நெடிய உடலினரின் சில்லும் குள்ளமானவரின் சில்லும் ஒரே அளவினவும் அல்ல. ஆகவேதான் மருத்துவர்கள் நீளத்தை விட்டு விகிதத்தை நாடினர். ஒரே படத்தில் உள்ள இரண்டு நீளங்களை ஒன்றால் மற்றொன்றை வகுத்தால், இரண்டும் ஒரே அளவுக்குப் பெருகியிருப்பதால் பெருக்கத்தின் பிழை நீங்கிவிடும்.

அவ்வாறு முதலில் பரவலாக வழக்குக்கு வந்தது, நியூயார்க்கில் பணியாற்றிய ஜான் இன்சால், எடுவார்டோ சால்வாட்டி ஆகிய இருவரும் 1971இல் வெளியிட்ட விகிதம். சில்லின் கீழ்முனையிலிருந்து மேடு வரை உள்ள தசைநாணின் நீளத்தை, சில்லின் முழு நீளத்தால் வகுப்பது அது. இயல்பான முழங்காலில் விடை ஏறத்தாழ 1 வரும், 0.8 முதல் 1.2 வரை இயல்பெனக் கொள்வர். இந்த இன்சால்தான் சில ஆண்டுகளுக்குள், இன்றைய செயற்கை மூட்டுகளுக்கு முன்னோடிகளுள் ஒன்றான ‘டோட்டல் காண்டிலர்’ மூட்டை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். அவர் விகிதத்தை வகுத்தது செயற்கை மூட்டுக்காக அன்று, இயற்கையான முழங்காலுக்காக என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1977இல் பிளாக்பர்ன், பீல் என்னும் இருவர் வேறொரு வழியைக் கூறினர். கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பை ஒட்டி ஒரு கோடு வரைந்து, அக்கோட்டிலிருந்து சில்லின் மூட்டுப்பரப்பின் கீழ்விளிம்பு செங்குத்தாக எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதை அம்மூட்டுப்பரப்பின் நீளத்தால் வகுப்பது அவர்கள் முறை. இதில் இயல்பான மதிப்பு 0.8 அளவில் இருக்கும். 1982இல் பிரெஞ்சு மருத்துவர்களான காத்தோன், தெஷாம் ஆகியோரின் முறை வந்தது. சில்லின் மூட்டுப்பரப்பின் கீழ்விளிம்பிலிருந்து கீழ்க்கால் எலும்புப் பரப்பின் முன்மேல் மூலை வரை உள்ள தூரத்தை அம்மூட்டுப்பரப்பின் நீளத்தால் வகுக்கின்றனர். 0.6க்குக் கீழே போனால் தாழ்வு, 1.2க்கு மேலே போனால் உயர்வு என்பது இம்முறையில் பொதுவாகக் கொள்ளும் எல்லை. 1992இல் இன்சால்–சால்வாட்டி முறைக்கே ஒரு திருத்திய வடிவம் வந்தது. ஆக, 0.8 என்னும் ஒரே எண் ஒரு முறையில் எல்லைக்கோட்டில் நிற்கும். மற்றொன்றில் முற்றிலும் இயல்பாக இருக்கும். முறையின் பெயர் எழுதப்படாத எண்ணுக்கு அதிகப் பொருளில்லை.

இனி அறுவைச் சிகிச்சையைப் பார்ப்போம். மூட்டு மாற்றத்தில் தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சில மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் உலோகப் பாகங்களும் அவற்றுக்கு நடுவே பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் தட்டும் பொருத்தப்படுகின்றன. தொடைப் பாகமும் கீழ்க்கால் பாகமும் சந்திக்கும் மட்டத்தை மூட்டுக்கோடு என்கிறோம். இம்மட்டம் அறுவைக்கு முன் இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது. ஆனால் எல்லோருக்கும் அது இயலுவதில்லை. பல ஆண்டுகள் வலியோடு நடந்து, முழங்கால் வளைந்தபடியே இறுகிப்போன நிலையில் வருவோருக்கு, காலை நிமிர்த்துவதற்காகத் தொடை எலும்பைச் சற்றுக் கூடுதலாக வெட்ட நேரிடும். வெட்டிய இடைவெளியை ஈடுசெய்யத் தடித்த பிளாஸ்டிக் தட்டு வைக்க வேண்டும். அப்போது மூட்டுக்கோடு மேலேறும். கால் நிமிரும் என்னும் பெரிய நன்மைக்காக அறிந்தே ஏற்றுக்கொள்ளும் விலை இது.

மூட்டுக்கோடு 5 மில்லிமீட்டர் உயர்ந்த ஒரு காலை எடுத்துக்கொள்வோம். விளக்கத்திற்காக நாமே அமைத்த கணக்கு இது. யாருடைய அறிக்கையும் அன்று. சில்லின் நீளம் 44 மி.மீ., தசைநாணின் நீளம் 46 மி.மீ. எனில் இன்சால்–சால்வாட்டி விகிதம் 1.05. சில்லின் மூட்டுப்பரப்பு 32 மி.மீ., அதன் கீழ்விளிம்பிலிருந்து கீழ்க்கால் எலும்பின் மூலை வரை 29 மி.மீ. எனில் காத்தோன்–தெஷாம் விகிதம் 0.91. இவை அறுவைக்கு முன். அறுவைக்குப் பின் சில்லும் நகரவில்லை, தசைநாணும் சுருங்கவில்லை, மேடும் அதே இடத்தில்தான் உள்ளது. எனவே முதல் விகிதம் 1.05 என்றே நிற்கும். ஆனால் மூட்டின் தளம் 5 மி.மீ. மேலேறி வந்துவிட்டதால், 29 என்பது 24 ஆகிறது. இரண்டாவது விகிதம் 0.75க்கு இறங்குகிறது.

ஒரே கால், ஒரே நாள், ஒரே படம். ஒரு முறை ‘மாற்றமில்லை’ என்கிறது. மற்றொன்று ‘தாழ்ந்துவிட்டது’ என்கிறது. இரண்டும் உண்மையே. முதலாவது தசைநாணைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது சில்லுக்கும் மூட்டுத் தளத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுகிறது. தசைநாணே வடுப்பட்டுச் சுருங்கிச் சில்லைக் கீழே இழுத்தால் அதை உண்மையான தாழ்வு என்றும், தசைநாண் நீளம் மாறாமல் தளம் மட்டும் உயர்ந்தால் அதைப் போலித் தாழ்வு என்றும் மருத்துவர்கள் பிரித்துப் பேசுகின்றனர். ‘போலி’ என்பதால் அதற்கு விளைவு இல்லை என்று கொள்ள வேண்டாம், 5 மி.மீ. உயர்வு சிலருக்கு மடக்கத்தைக் குறைக்கவும் கூடும். ஆயினும் இரண்டுக்கும் காரணம் வேறு, கவனிக்க வேண்டிய முறையும் வேறு. தசைநாண் சுருங்கிவருகிறது என்றால், தசைப் பயிற்சியையும் சில்லை அசைத்துக் கொடுக்கும் பயிற்சியையும் இயன்முறை மருத்துவர் முனைந்து செய்ய வேண்டியிருக்கும். தளம் உயர்ந்திருப்பது பயிற்சியால் இறங்காது.

இங்கே ‘நம்பகம்’ என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது. அளவீட்டைப் பற்றிய ஆய்வுகளில் இரண்டு சோதனைகள் வழக்கம். ஒரே மருத்துவர் சில வாரங்கள் கழித்து, பழைய விடையைப் பாராமல், அதே படத்தை மீண்டும் அளப்பது ஒன்று. இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே அளந்து ஒப்பிடுவது மற்றொன்று. விடைகள் ஒத்துவந்தால் அம்முறை நம்பகமானது என்பர். ஆனால் ஒத்துவருவது வேறு, நமக்கு வேண்டியதைச் சொல்வது வேறு. எப்போதும் ஒரே விடை தரும் தராசு, நாம் நிறுக்க விரும்பிய பொருளைத்தான் நிறுக்கிறதா என்பது தனிக் கேள்வி. இன்சால்–சால்வாட்டி முறையை எத்தனை முறை அளந்தாலும், எத்தனை பேர் அளந்தாலும், மூட்டுக்கோடு உயர்ந்ததை அது காட்டாது. மூட்டு மாற்றத்துக்குப் பின் அதை மட்டும் பார்த்து ‘எல்லாம் இயல்பு’ என்று எழுதுவது போதாது என்பதே என் கருத்து. தசைநாணைக் காட்டும் ஒரு விகிதமும் தளத்தைக் காட்டும் ஒரு விகிதமும் சேர்ந்து இருப்பதே நல்ல அறிக்கை.

அளக்கும் புள்ளிகளே தெளிவாக இல்லாதபோது தேர்ந்த கண்ணும் தடுமாறும். தேய்ந்த முழங்காலில் சில்லின் கீழ்முனையில் எலும்பு முட்கள் வளர்ந்திருக்கும். அவற்றைச் சேர்த்து அளப்பதா, விட்டு அளப்பதா? மேலே சொன்ன கணக்கில் 44 மி.மீ. என்ற சில்லின் நீளத்தில் 3 மி.மீ. முள்ளாக இருந்து, அதை அறுவை மருத்துவர் சீவி எடுத்துவிட்டார் என்று வையுங்கள். தசைநாணை முன்பு தொடங்கிய இடத்திலிருந்தே அளந்தால், 46ஐ 41ஆல் வகுக்க 1.12 வரும். நகராத சில்லு காகிதத்தில் ‘உயர்ந்துவிடும்’. அதேபோல் தசைநாண் மேட்டில் எங்கே முடிகிறது என்பது பல படங்களில் மங்கலாகவே தெரியும். அந்த இடத்தில் ஒருவர் 2 மி.மீ. மேலேயும் மற்றொருவர் 2 மி.மீ. கீழேயும் குறித்தால் 1.00, 1.09 என்று இரண்டு விடைகள். இருவரும் தவறு செய்யவில்லை. ஆகையால் 0.05, 0.08 போன்ற மாற்றங்களைக் கண்டு உறக்கம் இழக்க வேண்டாம்.

அறுவைக்குப் பின் இன்னொரு சிக்கல் சேர்கிறது. உலோகம் எக்ஸ்-ரேயில் பளிச்சென்ற வெண்மையாகத் தெரியும். பிளாஸ்டிக் தட்டோ ஏறத்தாழத் தெரியவே தெரியாது. படத்தில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே வெற்றிடம்போலத் தோன்றுவது உண்மையில் அந்தத் தட்டுதான். புதிய மூட்டுத் தளம் என்பது அதன் மேற்பரப்பே. கண்ணுக்குப் புலப்படாத அந்தப் பரப்பை, மேலிருக்கும் தொடைப் பாகம் தொடும் இடத்தைக் கொண்டோ, தட்டின் தடிமனை அறிந்தோதான் கணிக்க வேண்டும். தவறிப்போய்க் கீழே தெரியும் உலோகத் தட்டின் விளிம்பிலிருந்து அளந்துவிட்டால், தட்டின் தடிமன் முழுவதும் சில்லின் உயரத்தோடு கூடிவிடும். சில்லின் பின்புறத்திலும் பிளாஸ்டிக் வில்லை பொருத்தப்பட்டிருந்தால், மூட்டுப்பரப்பின் நீளமும் கீழ்விளிம்பும் இப்போது அந்த வில்லையினுடையவை. பழைய எலும்பினுடையவை அல்ல. தாழ்வான சில்லில் அறுவை மருத்துவர்கள் சிலவேளை வில்லையை வேண்டுமென்றே சற்று மேலே வைப்பதும் உண்டு. அது நன்மைக்காகச் செய்தது என்பது எண்ணைப் பார்த்து மட்டும் தெரியாது.

காலின் நிலையும் எண்ணை மாற்றும். முழங்கால் நேராக நீட்டியிருந்து தசையும் தளர்ந்திருந்தால் தசைநாண் தொய்ந்திருக்கும்; அளந்தால் குறைவாக வரும். ஏறத்தாழ 30 பாகை மடக்கினால் அது விறைப்பாகும். எனவேதான் பக்கவாட்டுப் படத்தை 30 பாகை மடக்கத்தில் எடுப்பது வழக்கம். நுட்புநர் காலின் கீழே ஆப்பு வடிவப் பஞ்சணை வைப்பதும், “அசையாதீர்கள், திருப்பாதீர்கள்” என்று மீண்டும் மீண்டும் சொல்வதும் இதற்காகத்தான். கால் உட்புறமோ வெளிப்புறமோ திரும்பியிருந்தால் தொடை எலும்பின் இரண்டு பின்முகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இரட்டை நிழலாகத் தெரியும்; அத்தகைய படம் அளப்பதற்கு உகந்ததன்று. செயற்கை மூட்டில் ஒரு வசதி உண்டு. உலோக முகடுகள் தெளிவாகத் தெரிவதால், கால் திரும்பியிருந்ததா இல்லையா என்பதை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடலாம்.

அறுவை முடிந்த மறுநாள் படுக்கையிலேயே எடுக்கும் படத்தைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. பாகங்கள் சரியாக அமர்ந்துள்ளனவா, எலும்பில் முறிவு ஏதும் உண்டா என்று பார்ப்பதற்கான படம் அது. கட்டு, வீக்கம், வலி ஆகியவற்றால் காலை உரியவாறு மடக்க இயலாது. தொடைத் தசையும் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. அதில் சில்லின் உயரத்தை அளந்து பிற்காலப் படத்தோடு ஒப்பிடுவதால் பயன் குறைவு. ஆறு வாரமோ மூன்று மாதமோ கழித்து, முறையாக மடக்கி எடுத்த படத்தையே அடிப்படைப் படமாகக் கொண்டு, அதன் பின்னர் எடுப்பவற்றை அதனோடு ஒப்பிடுவது நல்லது.

உயரத்தைத் தவிர, சில்லு பக்கவாட்டில் சாய்ந்துள்ளதா, விலகியுள்ளதா என்பதையும் பார்ப்பர். அதற்கு முழங்காலை மடக்கி, சில்லை மேலிருந்தோ கீழிருந்தோ நோக்குவதுபோல் ‘ஸ்கைலைன்’ படம் எடுக்கின்றனர். மெர்ச்சன்ட் முறையில் 45 பாகை மடக்கம். லோரன் முறையில் 20 பாகை. குறைவாக மடக்கும்போது சில்லு இன்னும் பள்ளத்தில் முழுமையாக அமரவில்லை; சாய்வு இருந்தால் கூடுதலாகத் தெரியும். மிகுதியாக மடக்கும்போது பள்ளமே அதைப் பிடித்து நேராக்கிவிடும். ஆகவே 20 பாகைப் படத்தில் சாய்வும் 45 பாகைப் படத்தில் நேரும் தெரிந்தால், சில்லு குணமாகிவிட்டது என்று மகிழவும் வேண்டாம். வரிசை மாறிவந்தால் கெட்டுவிட்டது என்று அஞ்சவும் வேண்டாம். வலியோடு சாய்வும் உறுதியாகத் தெரிந்தால், உலோகப் பாகங்கள் திரும்பிப் பொருந்தியுள்ளனவா என்று அறியச் சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம், எக்ஸ்-ரே அதைச் சரிவரக் காட்டாது.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை சில உண்டு. அறுவைக்கு முன் எடுத்த பக்கவாட்டுப் படத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். புதிய மூட்டு பொருத்தியபின் பழைய மூட்டின் உயரத்தை அறிய அதைவிட்டால் வேறு சான்றில்லை. பொருத்திய பாகங்களின் பெயர், அளவு, பிளாஸ்டிக் தட்டின் தடிமன் ஆகியவை அச்சிட்ட சிறு ஒட்டுச்சீட்டுகள் அறுவைக் குறிப்பிலோ டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ஒட்டப்பட்டிருக்கும். உங்கள் பிரதியில் அவை இல்லையெனில் கேட்டுப் பெறுங்கள். படத்தில் தெரியாத தட்டை அளக்க உதவுவது அந்தச் சீட்டுதான். வெளியூரில் படம் எடுக்க நேர்ந்தால், ‘30 பாகை மடக்கத்தில் பக்கவாட்டுப் படம்’ என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிச் செல்லுங்கள்.

படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செல்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இப்போது இயல்பாகிவிட்டது. முறிவு உண்டா என்று பார்க்க அது ஓரளவு உதவும், அளப்பதற்கு உதவாது. செல்பேசியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே ஒரு திசையின் நீளம் குறைந்துவிடும். சில்லும் தசைநாணும் ஒரே கோட்டில் இல்லாததால் விகிதமும் மாறும். மூலப்படம் உள்ள சி.டி. குறுந்தகட்டை, அல்லது மருத்துவமனை அனுப்பும் மூலக்கோப்பைக் கேளுங்கள். படங்களை அடிக்கடி எடுப்பது குறித்த அச்சமும் சிலருக்கு உண்டு. முழங்கால் எக்ஸ்-ரே ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து நாம் அனைவரும் சில மணி நேரத்தில் பெறுவதற்கு ஒப்பானது. சரியாக வராத படத்தை மீண்டும் எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை.

எண் எதுவாயினும், காலைப் பார்க்காமல் முடிவெடுக்கும் மருத்துவர் இல்லை. 0.75 என்ற அறிக்கையோடு வலியின்றி 115 பாகை மடக்கிப் படியேறுபவருக்குச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. 1.05 என்ற அறிக்கையோடு, வாரத்துக்கு வாரம் மடக்கம் குறைந்துவருபவரை உடனே கவனிக்க வேண்டும். எழும்போது முன்புறத்தில் கூர்மையான வலி, சில்லு பக்கத்தில் நழுவும் உணர்வு, முன்பு இயன்ற மடக்கம் இப்போது இயலாமை ஆகியவை இருந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் வாருங்கள்.

ஒன்றை மட்டும் அவசரமாகக் கொள்ள வேண்டும். வழுக்கியோ விழுந்தோ ‘டப்’ என்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து, அதன்பின் படுத்த நிலையில் காலை நேராக நீட்டியபடி தூக்க இயலவில்லை என்றால், சில்லுத் தசைநாண் அறுந்திருக்கக்கூடும். அப்போது தடையற்ற தொடைத் தசை சில்லை மேலே இழுத்துவிடும். கையால் தடவினாலே அது இடம் மாறியிருப்பது தெரியும். காலை ஊன்றி நடக்க முயலாமல், முழங்காலை நேராக வைத்துக் கட்டி, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வரும்போது பழைய படத்தையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.